சேங்கொட்டைப் புள்ளி

டோபி அக்கா என்னைப் பேப்பர் படிக்கச் சொன்னது ஊர் வம்பு தெரிந்துகொள்ள இல்லை. கயிறு கட்டுவதற்காக.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே வரிசை வீடுகளுக்குப் பின்னால், கிள்ளான் ஆற்றுக்கு இறங்கும் சரிவில் ஒரு புல்வெளி இருந்தது. அங்கேதான் அவள் துணி காயப்போடுவாள். இரண்டு கயிற்றைச் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுவாள். எந்தக் காற்றுக்கும் விழாது. ஆனால் ஆடும். ஒருத்தன் சட்டைக் கை பக்கத்துச் சட்டையின் கழுத்தில் போய் விழும். அதனால் யாருக்குப் பக்கத்தில் யாரைத் தொங்கவிடுவது என்பது அவளுக்குப் பெரிய காரியம்.

நான் கல்யாணமாகி அங்கே வந்தபோது முதல் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஸ்டேஷனில் சிக்னல் வேலை. ரயிலில் யாராவது போட்டுவிட்டுப் போன பேப்பரைக் கொண்டுவருவார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷும் தமிழும் வரும். சாயங்காலம் அக்கா கரிப்பெட்டியை வைத்துக்கொண்டு தேய்ப்பாள், நான் எதிரில் ஒரு சோப்புப் பெட்டியில் உட்கார்ந்து படிப்பேன். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பேப்பரு என்பாள்.

"பேப்பரு, இன்னிக்கு யாரு யாரோட பேசல?"

கயிறு விவகாரம் அவளாக ஆரம்பித்தது இல்லை. மேட்டுப் பங்களாவில் ரயில்வே இன்ஜினியர் துரை இருந்தார். அவர் வீட்டுச் சமையல்காரன் ஒருநாள் வந்து, துரை சட்டையும் ரப்பர் கம்பெனி ஜெர்மன்காரன் சட்டையும் ஒரே கயிற்றில் தொங்குவதைத் துரையின் பெண்சாதி மேம் பார்த்துவிட்டதாகவும், இனிமேல் அப்படிச் செய்தால் சலவை கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் போனான். அக்கா ஜெர்மன்காரனை வாழைமரத்துப் பக்கம் ஓரக் கயிற்றுக்கு மாற்றினாள். ஜப்பான் அந்தச் சண்டையில் இங்கிலீஷ்காரன் கட்சி. அதனால் பெரிய தெருவில் கடை வைத்திருந்த ஜப்பான் பல் டாக்டரின் துணி, துரை துணியோடு ஒரே கயிற்றில் ஏறியது.

அந்த ஜெர்மன்காரனைக் கொஞ்ச நாளில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. சலவைக்கு வந்த அவன் சட்டைகள் அக்காவிடமே தங்கிவிட்டன. தேய்த்து மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தாள். யாருக்காவது கொடுத்துத் தொலையேன் என்றேன்.

"சலவைக்கு வந்தது. ஆளு வந்தா குடுக்கணும்."

அவ்வளவுதான். கயிற்றை மாற்றுவாள், துணியைத் திருப்பி அனுப்பமாட்டாள். அவளுடைய சட்டம் முழுக்க இதுதான்.

நாடுகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. பிரான்சைப் பற்றிப் படித்தால் கையை ஆட்டி நிறுத்துவாள். "அவன் துணி நம்மகிட்ட வருதா? வரலல. அடுத்தத படி." சயாமா? வேண்டாம். அமெரிக்காவா? வேண்டாம். துணி வராத நாட்டுக்கு அவளிடம் கயிறு கிடையாது. இங்கிலீஷ்காரன், ஜப்பான்காரன், சீனன், இந்த மூன்று பேரும்தான் உலகம். அவர்களையும் அடுத்த வீட்டு ஆட்களைப் பேசுவதுபோல் அவன் இவன் என்றுதான் பேசுவாள்.

சீனாவில் ஜெர்மன்காரன் வைத்திருந்த துறைமுகத்தை ஜப்பான் பிடித்தான். சீனாவுக்கே திருப்பிக் கொடுக்கத்தான் பிடித்தோம் என்றான். பிறகு கொடுக்காமல், சீனாவிடமே இதைக் கொடு அதைக் கொடு என்று கேட்க ஆரம்பித்தான். நான் மடச்சி, அவன் சொன்னதை ஒரு வரி விடாமல் படித்தேன். ஆசியாவின் அமைதியே எங்கள் நோக்கம், அண்டை நாட்டின் நன்மையே எங்கள் நன்மை. அக்கா துணியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அவன் சொல்றத விடு. எங்க நிக்கிறான்? அதப் படி."

"சீனாவுலதான் நிக்கிறான்."

"அப்ப நகத்து."

மறுநாள் பல் டாக்டரின் துணிக்கும் காப்பிக்கடைத் தவுக்கேயின் துணிக்கும் நடுவில் ஒரு கயிறு காலியாக இருந்தது. தவுக்கே என்றால் முதலாளி. அவர் ஹைலாம் தீவிலிருந்து வந்த சீனர், எங்கள் வரிசைக்கு முன்னால் தெருமுனையில் கடை. அவருடைய கடை வேலையாட்கள் இடுப்பில் கட்டும் வெள்ளைத் துணி மட்டும் வாரத்துக்கு ஒரு கூடை வரும்.

எங்க நிக்கிறான் என்பது அதற்குப் பிறகு அவள் வாயிலேயே இருந்தது. நாட்டுக்கு மட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் பாதிரியாருக்கு முன்னால் பைபிளைத் தொட்டு, இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சொன்னதை நான் பெருமையாகப் போய்ச் சொன்னேன்.

"இப்ப எங்க நிக்கிறாரு?"

தேடிக்கொண்டு போனேன். கள்ளுக்கடை வாசலில் நின்றார்.

அந்தச் சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, பெரிய வெள்ளம் வந்து புல்வெளியில் இருந்த கம்பு கயிறு எல்லாவற்றையும் ஆறு கொண்டுபோனது. ஜப்பானும் அப்போது சாதுவாக இருந்தான். பிடித்த துறைமுகத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தான், சீனாவோடு வியாபாரம் மட்டும் போதும் என்று பேசிக்கொண்டிருந்தான். புதுக் கயிறு கட்டும்போது அக்கா பல் டாக்டரையும் தவுக்கேயையும் அடுத்தடுத்துப் போட்டாள். பல் டாக்டர் காலையில் தவுக்கே கடையில்தான் காப்பி குடிப்பார். அரைவேக்காட்டு முட்டை இரண்டு. எழுந்து போகும்போது குனிந்து வணக்கம் சொல்வார். நல்ல மனுஷன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய். அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி மூன்று நாள் கிடந்தபோது வீட்டுக்கே வந்து பிடுங்கிவிட்டுப் போனவர்.

பிறகு சீனாவின் மஞ்சூரியாவுக்குள் ஜப்பான் நுழைந்தான். கயிறு நகர்ந்தது. உலக நாடுகளெல்லாம் கூடிப் பேசும் சபையில் கேள்வி கேட்டார்கள் என்று ஜப்பான் எழுந்து வெளியே போனான்.

"எந்திரிச்சுப் போனவன் எங்க போய் நின்னான்?"

"மஞ்சூரியாவுலதான், அக்கா. அங்கேருந்து நகரவே இல்ல."

இன்னொரு கயிறு நகர்ந்தது. பிறகு பீக்கிங், சாங்காய் என்று முழுச் சண்டையாகவே வந்துவிட்டது. பல் டாக்டரின் துணி வாழைமரத்து ஓரக் கயிற்றுக்குப் போனது. ஜெர்மன்காரன் தொங்கிய அதே இடம். அக்கா அடுத்த துணியை எடுத்தாள். நான்தான் சொன்னேன். அவன் துணியை ஆற்றில் விடு என்றேன்.

"துணி என்னடி பண்ணுச்சு?" என்றாள்.

இப்போது அந்தப் புள்ளி விஷயத்துக்கு வருகிறேன்.

டோபி வீட்டில் துணி மாறாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் உண்டு. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதன் சாற்றால் துணியின் ஓரத்தில் போடுவார்கள். முதலில் சிவந்த பழுப்பாக இருக்கும், போகப்போகக் கறுக்கும். துணி கிழிந்து கந்தலானாலும் அது போகாது. துரைக்குத் தண்டவாளம்போல் இரண்டு கோடு. பல் டாக்டருக்குக் கால் முளைத்த பல். எங்களுக்குச் சிலுவை. தவுக்கேக்கு முட்டை. அவர் கடை வைத்த முதல்நாளே அவருக்கு வைத்த அடையாளம். வட்டமாக, உள்ளே நிரப்பி, கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு முட்டை.

ஜப்பான் சாமானை யாரும் விற்கக்கூடாது என்று சீன இளைஞர்கள் கடை கடையாக ஏறித் தேடிக்கொண்டிருந்த காலம். தவுக்கே தன்னிடம் இருந்த ஜப்பான் பீங்கான் கோப்பைகளைத் தானே தெருவில் போட்டு உடைத்திருந்தார். அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவன், வெள்ளைக் கால்சட்டை போட்டவன், அடுப்படியில் தொங்கிய புது இடுப்புத் துணி ஒன்றை எடுத்தான். ஓரத்துப் புள்ளியைப் பார்த்தான். மடித்தான், மறுபடி மடித்தான், புள்ளி நடுவில் வந்ததும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான்.

வெள்ளைத் துணி. நடுவில் சிவந்த வட்டம். எனக்கே அப்போதுதான் உறைத்தது.

நான் பாசார் மலாயில், கடைத்தெருவில் எல்லாரும் பேசும் மலாயில், "அது முட்டைப்பா" என்றேன்.

"முட்டை ஏன் ஜப்பான் கொடி மாதிரி இருக்கு?"

"எல்லா முட்டையும் அப்படித்தான் இருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "இந்த டோபி ஜப்பான் பல் டாக்டருக்கும் துவைக்கிறா. ஜப்பானோட ஆளுங்க யாரு யாருன்னு துணியில அடையாளம் போட்டுக் குடுக்கிறா. எங்களுக்குத் தெரியும்." பிறகு தவுக்கேயைப் பார்த்துச் சீனத்தில் ஏதோ சொன்னான். சொல்லும்போது தன் காதைத் தொட்டான். அடுத்த தெருவில் ஜப்பான் மீன் டப்பா விற்ற ஒருவனுக்குக் காதை அறுத்திருந்தார்கள். அதனால் மொழி தெரியாத எனக்கும் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவார்களாம்.

அன்றைக்கே தவுக்கே அக்காவிடம் வந்தார். கடை வைத்த நாளிலிருந்து அவர் அந்தச் சரிவில் இறங்கி நான் பார்த்ததில்லை. இவர்களுக்குள் பேச்சு எப்போதும் பாசார் மலாய்தான்.

"அக்கா, இந்தப் புள்ளிய எடுத்துரு."

"போகாது தவுக்கே. சேங்கொட்டை."

"வெட்டிரு."

"வெட்டினா எதுக்கு வெட்டினேன்னு கேப்பான். இன்னும் மோசம்."

"அப்ப பல் டாக்டர விட்டுரு. இனிமே துவைக்கலன்னு நான் அந்தப் பசங்ககிட்ட சொல்றேன்."

அக்கா தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ எங்க நிக்கிற, அக்கா?"

அவளுடைய கேள்வியையே அவர் கேட்டார். அது அவளுடையது என்று அவருக்குத் தெரியாது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கரிப்பெட்டியைக் கீழே வைத்து, சாம்பலை ஊதினாள். "ஞாயித்துக்கெழம நான் கடைக்கு வரேன். நீ போ" என்றாள். அவர் "தா போலே, தா போலே" என்று கையை விரித்துக்கொண்டே ஏறிப் போனார். முடியாது, அதுவரைக்கும் தாங்காதாம்.

சனிக்கிழமை என் சலவை வந்தது. கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை விரித்தேன். ஓரத்தில் எங்கள் சிலுவை. சிலுவைக்குப் பக்கத்தில் புதிதாக, ஈரம்போல் மின்னிக்கொண்டு, ஒரு முட்டை.

சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"என்னக்கா இது? கல்யாணச் சேல."

"முட்டை."

"எனக்கு எதுக்கு முட்டை?"

"ஒனக்கு மட்டுமா? எல்லாருக்கும் போட்டாச்சு. கணக்கெழுதுற கிராணி வீட்டுக்குப் போட்டேன். போலீஸ் இன்ஸ்பெக்டருக்குப் போட்டேன். பாதிரியாரு அங்கிக்குப் போட்டேன். துரைக்கும் போட்டுட்டேன்."

"துரைக்கா? மேம் உன்னத் தொலைச்சிருவா."

"தொலைக்கட்டும்."

அவள் விரல் நுனியெல்லாம் சேங்கொட்டைப் பால் பட்டுக் கொப்புளம் போட்டிருந்தது. எனக்குக் கோபம் தீரவில்லை. பல் டாக்டருக்கும் போட்டாயா என்று கேட்டேன்.

"அவருக்கு மட்டும் போடல."

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. அவள் தலையில் ஒரு மூட்டை, என் தலையில் ஒரு மூட்டை. கடையில் பளிங்கு மேசைமேல் இறக்கினோம். அந்த மூன்று பேரும் வந்து நின்றார்கள். தவுக்கே அடுப்பு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இது துரை. புள்ளி இருக்கு, பாத்துக்க. இது இன்ஸ்பெக்டர், இருக்கு. இவரெல்லாம் ஜப்பான் ஆளா? போய் அவருகிட்டயே கேளு. இது மலாய்க் கிராணி. இது இவ புருஷன். இவன் கள்ளுக்கடை ஆளு."

கடையில் ஒருவர் சிரித்தார். வெள்ளைக் கால்சட்டைக்காரன் சிரிக்காமல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான். கடைசியாக அக்கா தனியாகக் கட்டியிருந்த சின்ன மூட்டையைப் பிரித்தாள்.

"இது பல் டாக்டரு. நீயே தேடு."

தேடினான். சட்டை, கால்சட்டை, வீட்டில் போடும் நீள அங்கி, கைக்குட்டை. கால் முளைத்த பல் எல்லாவற்றிலும் இருந்தது. புள்ளி எதிலும் இல்லை.

"புள்ளி இல்லாதவன் பிரிக்பீல்ட்ஸ்லயே ஒருத்தன்தான்" என்றாள் அக்கா.

அவன் அந்தக் கைக்குட்டையை மேசையில் போட்டான். பிறகு, "அவனுக்கு இன்னும் எதுக்குத் துவைக்கிற? நிறுத்து" என்றான்.

"மாட்டேன். அழுக்கா வருது, வெளுத்துக் குடுக்கிறேன். ஒன் கால்சட்டையையும் கொண்டா, முட்டியில காப்பி பட்டிருக்கு."

குனிந்து பார்த்தான். உண்மையாகவே பட்டிருந்தது. கூட வந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். தவுக்கேயின் காது அன்றைக்குத் தப்பியது.

அக்கா தப்பவில்லை. துரை வீட்டு விருந்தில் மேசை விரிப்பின் ஓரத்தில் புள்ளி தெரிந்துவிட்டதாம். மேம் சமையல்காரனை அனுப்பி எல்லாத் துணியையும் திருப்பி வாங்கிக்கொண்டாள். அடுத்த பங்களாவும் நின்றது, அதற்கடுத்ததும். அந்த வெள்ளைக்காரிகளுக்குத் துணியில் ஒரு புள்ளி தெரிந்தது. ஒரு மனுஷன் காது தெரியவில்லை. அதைப் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்து, "படி" என்றாள்.

பல் டாக்டர் ஒருநாள் தானே துணி வாங்க வந்தார். எப்போதும் பையன்தான் வருவான். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது. சட்டையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு, மெதுவான மலாயில் சொன்னார்:

"எனக்கும் ஒன்னு போட்டுருங்க, அக்கா."

அவள் வேலையை நிறுத்தினாள். "ஒங்க ஊரு எங்க நிக்குதுன்னு இவ படிச்சுச் சொன்னா. நீங்க எங்க நிக்கிறீங்க?"

அவர் வாயைத் திறந்தார். நான் காத்திருந்தேன், ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று. சொல்லவில்லை. குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு மூட்டையோடு போனார். அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அக்கா கோபப்படவில்லை. அவர் போன வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கரிப்பெட்டிக்கு அடியில் ஒரு தலையணை உறை கருகும்வரை. அடுத்த வாரமும் அவர் துணி வந்தது. வாழைமரத்து ஓரத்தில் தொங்கியது. சில மாதம் கழித்து அவர் கடையை மூடிக்கொண்டு கப்பலேறியபோது ஒரு அங்கி தங்கிவிட்டது. தகரப்பெட்டியில் ஜெர்மன்காரனின் சட்டைக்குமேல் போய்ச் சேர்ந்தது.

பங்களா வேலை இல்லாமல் பிரிக்பீல்ட்ஸில் அவளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கிள்ளானில் துறைமுகத்துக் கிராணிகளுக்குத் துவைக்கலாம் என்று அங்கே போய்விட்டாள். வண்டியில் ஏற்றும்போது தகரப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள், யாரிடமும் கொடுக்கவில்லை. நான் ரயிலேறிப் போய்ப் பார்ப்பேன். கையில் பேப்பர் இருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் போனேன். போகும்போதே ரயிலில் படித்துவிட்டேன். அவள் நீலம் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"பேப்பரு, என்ன சொல்றான்?"

"ஜப்பான்காரன் பக்கத்து நாடுங்க மேல தனக்கு எந்த ஆசையும் இல்லங்கிறான். ஒரு பத்தி முழுக்க அதான் போட்டிருக்கு."

"எங்க நிக்கிறான்?"

"ஹைலாம் தீவுல. எறங்கிட்டான்."

அவள் கை வாளிக்குள்ளேயே இருந்தது. எடுத்தபோது முழங்கைவரை நீலம்.

"தவுக்கேயோட அம்மா அங்கதான இருக்கு?"

"ஆமா."

கையைத் துடைக்கவில்லை. சேலையை மாற்றவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என்னோடு ஸ்டேஷனுக்கு நடந்தாள். கோலாலம்பூர் வண்டியில் ஏறினோம்.

காப்பிக்கடை நிறைய ஹைலாம் ஆட்கள். ஒருவர் சீனப் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார், மற்றவர்கள் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கால்சட்டைக்காரனும் இருந்தான். தவுக்கே மட்டும் யாரையும் பார்க்காமல் அடுப்பில் காப்பி வடித்துக்கொண்டிருந்தார். வடித்ததையே மறுபடி வடித்துக்கொண்டிருந்தார். இடுப்புத் துணியின் ஓரத்தில் முட்டை நன்றாகக் கறுத்திருந்தது.

நான் மேசையில் உட்கார்ந்தேன். அக்கா உட்காரவில்லை. கல்லாவைச் சுற்றிக்கொண்டு, வேலையாட்களைத் தவிர யாரும் போகாத அந்த அடுப்படிக்குள் போய், தவுக்கேக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் திரும்பி ஒருமுறை பார்த்தார். நீலக் கையைப் பார்த்தார். கொஞ்சநேரத்தில் அவள் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். கடைப் பலகை போட்டு மூடும்வரை அங்கேயேதான் நின்றாள்.

கிள்ளானுக்குத் திரும்பும் வண்டிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டேன். பிளாட்பாரத்தில் என் கையிலிருந்த பேப்பரைத் தொட்டாள்.

"அவனுக்கும் நமக்கும் நடுவுல இன்னும் எத்தன கயிறு இருக்கு?"

பள்ளிக்கூடத்தில் பார்த்த தேசப்படத்தை மனத்தில் ஓட்டினேன். "பிரான்ஸ்காரன் வச்சிருக்கிற இந்தோசீனா ஒன்னு. சயாம் ஒன்னு."

"ரெண்டும் துணி வராத நாடு."

"ஆமாக்கா."

வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியாக என்னைப் பார்த்தாள்.

"இனிமே அதையும் படி" என்றாள்.